நீலாவதிக்குத் தெரியாமல் ஒரு புது வண்டி

சித்திரை பிறப்பதற்குள் புது வண்டி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது என் வேலை. அது நடக்கலாமா கூடாதா என்று சொல்வது என் மனைவி நீலாவதியின் வேலை. முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை.

நான் கோபால்சாமி. ஜமுனாமரத்தூர் பக்கம் மலைக்காரன். எங்கள் ஊரில் விளைகிற சாமையையும் புளியையும் திருப்பத்தூர் மண்டிக்கு இறக்குகிற சின்ன லாரி என்னுடையது. அதற்கு வயது இருபத்திமூன்று. இடப்பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். நீலாவதி இறங்க வேண்டுமென்றால் முதலில் நான் இறங்கி வழிவிட வேண்டும். கண்ணாடி ஏறாது, சீட்டில் பஞ்சு கிடையாது. ஆனாலும் ஓடியது. அதுதான் பிரச்சினை.

இன்னொரு பிரச்சினை நான். அறுபது வயசில் ஸ்டியரிங்கை விட்டுவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அறுபதுக்கு இன்னும் ஒரு வருஷம்தான்.

"நீலா, வண்டிய மாத்தணும்."

"ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"அப்ப இன்னாத்துக்கு?"

"நாளிக்கி நின்னுட்டா?"

"நாளிக்கி நிக்கட்டும், நாளிக்கி பேசலாம். அடுத்த வருசம் வூட்ல குந்திக்கிறேன்னு சொன்னது யாரு? புதுசு வாங்கி வாசல்ல நிறுத்தி வேடிக்கை பாக்கப் போறியா?"

"ஆளு போட்டு ஓட்டலாம். வாடகை வரும்."

வாடகை என்றது பொய். உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன். எல்லாம் அடுத்தவன் ஓட்டிக் கழித்த வண்டி. சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வண்டியில் ஒரு தடவை உட்கார வேண்டும். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, படவேடு அம்மன் கோயில் வாசலில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இந்த வயசில் இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் வெட்கமே இல்லாத ஒரு காரியத்தைச் செய்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு புளி லோடு. பக்கத்து வீட்டு முத்தம்மாளின் மூட்டைகளும் அதில் இருந்தன. ஒரு மாசமாக வீட்டோடு உட்கார்ந்து கொட்டை எடுத்த புளி. முன்னால் நீலாவதி, முத்தம்மாள், நான். பாதி மலையில் டீக்கடையில் நிறுத்தினேன். டயர் பார்ப்பதுபோல் குனிந்து, டேங்க்குக்குக் கீழே இருக்கிற டீசல் குழாயின் திருகை மூடினேன். குழாயில் மிச்சம் இருக்கிற டீசலில் வண்டி கொஞ்ச தூரம் போகும். பிறகு நிற்கும். நீலாவதி கண்ணெதிரே நிற்கும். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது வளைவில் நின்றது. நான் இறங்கி முன்னால் போய், செத்தவன் நாடியைப் பார்ப்பதுபோல் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன்.

"அவ்ளோதான் நீலா. இதுக்கு மேல இது தாங்காது."

நான் சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மார்ச் மாசத்து மழையை நான் திட்டத்தில் சேர்க்கவில்லை. திட்டத்திலேயே புத்தி போனதால் தார்ப்பாயையும் வீட்டில் மறந்திருந்தேன். ஒரு கிலோமீட்டர் தள்ளி செக்போஸ்ட் கொட்டகை இருக்கிறது. வண்டி ஓடினால் ரெண்டு நிமிஷம்.

முத்தம்மாள் பின்னால் ஏறி வெற்றுச் சாக்குகளைப் பிரித்து மூட்டைகள் மேல் போட்டாள். போதவில்லை. மழையில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய மூட்டையைக் கட்டிப்பிடித்துக் கொண்டாள். நான் குனிந்து ஒரு குழாயைத் திருப்பினால் போதும். திருப்பினால் மாட்டிக்கொள்வேன். அப்படியே நின்றேன். அந்தப் பத்து நிமிஷத்தை இன்று நினைத்தாலும் சோறு இறங்குவதில்லை.

நீலாவதி டிரைவர் பக்கமாக இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக டேங்க்குக்குப் போனாள், குனிந்தாள், குழாயைத் திறந்தாள். பிறகு முன்னால் வந்து, இன்ஜின் பக்கத்துக் கைப்பம்பை அமுக்கி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினாள்.

"ஏறுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். 'ங்க' போட்டால் நான் தொலைந்தேன்.

கொட்டகையில் போய்ப் பார்த்தோம். முத்தம்மாளின் மூன்று மூட்டை நனைந்து போயிருந்தது. அவள் புடவையைப் பிழிந்துகொண்டே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"நீ இன்னாண்ணா பண்ணுவ. வண்டிக்கு வயசாயிட்ச்சி."

திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டில் விசாரணை.

"டயர் பாக்கறவரு டேங்க் கிட்ட இன்னாத்துக்குங்க குனிஞ்சீங்க?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன். வண்டி நின்னப்பதான் புரிஞ்சிது. நீங்களே தொறப்பீங்கன்னு இருந்தேன். தொறக்கல."

மாலை, எலுமிச்சம்பழம், படவேடு எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆசைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலியாங்க உங்களுக்கு?"

பிறகு சொன்னாள்: "நம்ம வூட்டுப் புளியில நல்லதா மூணு மூட்டை எடுங்க. நீங்களே சுமந்துட்டுப் போயி குடுங்க."

சுமந்தேன். முத்தம்மாள் கண் கலங்கிவிட்டாள். "உம்மாரி மனுசன் இந்த மலையில இல்லண்ணா" என்று மோர் கொடுத்தாள். டம்ளரைக் காலி செய்துவிட்டு வந்தேன். உண்மையை இதுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.

ரெண்டு வாரம் 'ங்க' ஓடியது. பிறகு ஒரு காலையில், "கெளம்பு, வண்டி பாத்துட்டு வரலாம்" என்றாள். 'நீ' திரும்பி வந்துவிட்டது. வண்டியைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

திருப்பத்தூரில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன லோடு வண்டி. சீட்டில் பிளாஸ்டிக் உறை. பதிவு நீலாவதி பேரில். பேர் யாருடையதாக இருந்தால் என்ன, சாவி நம் கையில் என்று கையை நீட்டினேன். சாவி என் கையைத் தாண்டிப் போயிற்று. நீலாவதி பர்ஸைத் திறந்து ஒரு லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். போட்டோவில் அவள்தான்.

"எப்ப?"

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மகளிர் குழு மீட்டிங்னு திருப்பத்தூர் வந்தேனே, ஆறு மாசமா."

"அது மீட்டிங் இல்லியா?"

"டிரைவிங் ஸ்கூலு. நீ ஸ்டியரிங்கை வுட்டா யாராச்சும் புடிக்கணும் இல்ல. நீ ரிட்டயர் ஆனதும் புதுசு வாங்கலாம்னு நான் அப்பவே நெனச்சிட்டேன். நீதான் அவசரப்பட்டுட்ட."

நான் அவளை ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். ஆறு மாசமாக அவள்தான் ஓட்டியிருக்கிறாள்.

நேராகப் படவேடு. மாலை போட்டோம். எலுமிச்சம்பழத்தை என்னை வைக்கச் சொன்னாள், அதன்மேல் அவள் வண்டியை ஏற்றினாள். உறை பிரிக்காத சீட்டில் உட்காரத்தான் செய்தேன். இடப்பக்கம். கோயில் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது நான் இறங்கிப் பின்னால் நின்று, "வரலாம், வரலாம்" என்று வண்டியைத் தட்டிக் கொடுத்தேன்.

மாலை வாங்கிய பூக்கடை ஈஸ்வரி வேடிக்கை பார்த்தாள்.

"வண்டி புதுசு, டிரைவரும் புதுசு. கிளீனர் மட்டும் இன்னாக்கா இவ்ளோ பழசு?"

நீலாவதி பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஓடற வரைக்கும் ஓடட்டும்னு வுட்டு வெச்சிருக்கேன்."