கடாய்க்குப் பக்கத்தில் வைத்த மைக்

என் குரலை நானே கேட்டு ரசிப்பதற்காக வாடகைக்கு வேன் பிடித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மச்சினன் கணேசன் சொல்லிவிடுவான், அதுவும் என்னைப் போலவே பேசிக் காட்டி.

வானொலியில் வேலை பார்த்த காலத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பற்றி அரைமணி நேரச் செய்திச் சித்திரம். அதற்கு விருது கிடைத்தது. (போட்டிக்கு எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.) ஊர் நிறையப் பால்கோவாக் கடைகள் இருக்க, ராஜபாளையத்திலிருந்து மைக்கைத் தூக்கிக்கொண்டு நான் நேரே போய் இறங்கியது என் மாமனார் கடையில். நடுநிலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும்.

குச்சியில் எதையோ செருகிக்கொண்டு அலைகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அதுவரை கவலையில் இருந்த மாமனார், விருதுக்குப் பிறகு ஆளே மாறிப்போனார். கடைப் பலகையில் 'வானொலிப் புகழ்' என்று எழுதவைத்தார். நான் விருது வாங்கும் படத்தை ஆண்டாள் படத்துக்குக் கீழே மாட்டினார். கடைக்கு வருகிறவர்களிடம், நம்ம மாப்ள ரேடியோவுல நாட்டுக்கே சொன்ன சரக்கு என்பார். ஒலிபரப்பான நேரம் கடையில் கூட்டம், அவர் அதை முழுசாகக் கேட்டதில்லை. என் வீட்டில் என் பேச்சு எடுபடாது. என் எழுத்தைப் பத்திரிகைகள் இடம் மிஞ்சினால் போடும். உலகத்தில் என்னை முழுசாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வருஷம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. விருது பெற்ற வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளை எல்லாம் திரட்டிக் காப்பகம் தொடங்குகிறார்களாம். காப்பக அலுவலர் பரமேஸ்வரி, ஒலிபரப்பான நிகழ்ச்சியின் கேசட் இருந்தால் போதும் என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் மேசையில் இன்னொரு கேசட்டும் இருந்தது. வெட்டாமல் ஒட்டாமல், கடையில் எடுத்த முழுப் பதிவு. வருங்கால ஆராய்ச்சியாளர்கள் என் கலை எப்படி உருவாயிற்று என்று அறியாமல் தவிப்பார்களே என்ற கவலையில் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்குமுன் ஒருமுறை போட்டுக் கேட்டிருக்கலாம். கேசட் போடுகிற கருவி எங்கள் வீட்டில் காலமாகிப் பல வருஷமாயிற்று. "இதில் ஒரு நொடியைக்கூட வெட்டிவிடாதீர்கள் அம்மா" என்று தழுதழுத்து, அவர் நீட்டிய ஒப்புதல் தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

காப்பகம் திறந்ததும் வேன் பிடித்தேன். மாமனார், என் மனைவி செல்வி, இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் கணேசன், பொழுது போகாத சில உறவினர்கள். வன்னியம்பட்டி தாண்டும்வரை நான் வாயை மூடவில்லை. பிறகும் மூடவில்லை.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஒலிபெருக்கி கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனில் ஒருவர் மட்டும் கேட்கலாம். ஏசி குளிருக்கு மாமனார் காதைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தார். துண்டுக்கு மேலே ஹெட்போனை மாட்டிவிட்டார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் எந்த இடத்தைக் கேட்கிறார் என்று தெரியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்குப்படி நான் மெச்சி எழுதிய வாக்கியங்கள் போகும் நேரத்தில் கொட்டாவி விட்டார். தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். செல்வி முறைத்ததும் மறுபடி உட்கார்ந்தேன். ஒருவழியாக ஹெட்போனைக் கழற்றினார். முகம் வாடியிருந்தது.

"மாப்ள, நான் அன்னிக்கு எம்புட்டு நேரம் பேசுனேன். இதுல ரெண்டு வார்த்தைதான் வருது. பூராவும் நீங்கதான் பேசுதீக."

பதறிப்போனேன். "மாமா, நீங்க பேசுனது முழுசும் இன்னொரு பதிவுல இருக்கு" என்றேன்.

பரமேஸ்வரி மெதுவாக என் பக்கம் வந்தார். "சார், அந்தக் கேசட்டை முழுசாக் கேட்டீங்களா? கடைசிப் பக்கம் கொஞ்சம்..."

அவரை முடிக்கவிட்டேனா? இல்லை. முழுப் பதிவின் அழகே அதன் கரடுமுரடுதான் என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் பதிவை ஓடவிட்டார்.

மாமனார் முகம் மலர்ந்தது. தான் பேசியதைக் கேட்டுத் தானே தலையாட்டினார். பால் வாங்கிய கதை, விறகு கதை எல்லாம் வந்திருக்க வேண்டும், ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். நான் பரமேஸ்வரியை வெற்றியோடு பார்த்தேன். திரும்புவதற்குள் மாமனாரின் சிரிப்பு நின்றிருந்தது. துண்டை அவிழ்த்தார். ஹெட்போனை வெறுங்காதில் அழுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி செல்வி, இங்க வந்து இதக் கேளு."

செல்வி கேட்டாள். என்னைப் பார்த்தாள். ஹெட்போன் கணேசனுக்குப் போயிற்று. கணேசன் கேட்டான், அவனும் பார்த்தான், அவன் தோள்கள் குலுங்கின. அங்கிருந்தவர்களில் கடைசியாகத்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

வானொலிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், மைக்கை மட்டும் செத்த நேரம் ஓடவிட வேண்டும். அந்த இடத்தின் சத்தம் தனியாகக் கிடைத்தால்தான் பின்னால் ஒட்டுப்போட வசதி. அன்றைக்கு மாமனார் வியாபாரத்தைக் கவனிக்க முன்பக்கம் போய்விட்டார். ஒலிப்பதிவாளர் ஆறுமுகம் மைக்கைக் கடாய்க்குப் பக்கத்தில் வைத்தான். கரண்டி கடாயைச் சுரண்டும் சத்தம் அபாரமாக விழுந்திருக்கிறது. அதற்கு மேல், அதைவிடத் தெளிவாக, என் குரல்.

"ஏலே ஆறுமுகம், மாமா குடுத்த பொட்டலத்தத் திங்காத. அம்புட்டும் சீனி, நாக்கு மரத்துப்போகுது. ஊருக்கு வாங்குறதுன்னா எதுத்தாப்புல பாய் கடையில வாங்கு. நானும் அங்கதான் வாங்குவேன். மாமா பாக்காம சந்து வழியாப் போகணும்."

சுரண்டல் சத்தம். பிறகு அதே வாய், வானொலிக் குரலில் ஒத்திகை பார்க்கிறது: "இந்தப் பால்கோவாவின் சுவைக்கு ஈடு இணை ஏது?" பிடிக்கவில்லை போலும். இன்னும் உருக்கமாக ஒருமுறை. பிறகு ஆறுமுகம், "அண்ணே, மைக் ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடட்டும்லே. யாரு கேக்கப்போறா?"

நான் பரமேஸ்வரியிடம் போய், அந்தக் கடைசித் துண்டை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கிசுகிசுத்தேன். காப்பகத்தில் சேர்ந்துவிட்ட பதிவு, விதிப்படி எதையும் அழிக்க முடியாது, வேறு ஊரிலும் ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறது என்றார். "ஒரு நொடிகூட வெட்டக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

திரும்பும் வழியில் வேனில் யாரும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து கடை வாசலில் வேன் நின்றது. மாமனார் இறங்கினார். தன் கடைக்குள் போகவில்லை. தெருவைக் கடந்து எதிர்க்கடைப் படியேறினார்.

பாயும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து நரைத்தவர்கள். மழை, மகன், முட்டுவலி எல்லாம் பேசிக்கொள்வார்கள். பால்கோவாவை மட்டும் பேசமாட்டார்கள். ஒருவர் சரக்கை மற்றவர் வாயில் வைத்ததும் கிடையாது. பாய் பயந்து எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, வீட்ல எல்லாரும் சொகந்தான?"

"கால் கிலோ போடுங்க பாய்."

அங்கேயே நின்று பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் கரைத்தார். வேன் ஜன்னலுக்குள் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விருதுக் குழுவின் முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

கடையில் இப்போது சீனி குறைந்திருக்கிறது. கணேசன் வாய்விட்டு ஒப்புக்கொள்ளமாட்டான். 'வானொலிப் புகழ்' பலகை அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து எங்களுக்கு இரண்டு டப்பா வருகிறது. செல்விக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தக் கடைச் சரக்கு. எனக்குப் பாய் கடைச் சரக்கு, மேலே என் பெயர் எழுதி. விசேஷ வீடுகளில் யார் எதைச் சாப்பிட்டு மெச்சினாலும், "மைக் ஓடுதா அத்தான்?" என்று கணேசன் என்னைக் கேட்பான். பந்தியே சிரிக்கும்.

காப்பகத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் மாமனார் தனியாக இருந்த நேரம் பார்த்து, அறியாத வயது, வாய்த்துடுக்கு என்றெல்லாம் இழுத்தேன். கையமர்த்தினார்.

"விடுங்க மாப்ள. சீனி கூடன்னு நீங்க சொன்னது சரிதான், பாய் சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஒங்க நிகழ்ச்சியையும் இன்னைக்கு முழுசாக் கேட்டேன். அதுக்கு எதுக்குப் பரிசு குடுத்தாகன்னுதான் எனக்கு வெளங்கல."