அம்மாவின் விரலும் நான் வாங்கிக் கொடுத்த போனும்

எங்கள் வீட்டில் மிக்சி வாங்க, ஃபேன் வாங்க, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க, எல்லாவற்றுக்கும் என்னிடம் யோசனை கேட்பார்கள். செல்போன் என்று பேச்சு வந்தால் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்யும் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு, பிளக் வைத்த எல்லாச் சாமான்களைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தானாக வந்துவிடுகிறது. தெருவில் யாராவது புது போன் வாங்கினால் வலியப் போய், "என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று வருத்தப்பட்டுவிட்டு வருவேன். (ஒருவரும் டீ கொடுத்ததில்லை.)

எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா வேலை பார்த்தாள். இப்போதும் பார்க்கிறாள். அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பாள். ஒன்றாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும். அந்த போனுக்கு இருந்த முக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எங்காவது பெரிய சத்தம் கேட்டால், வெடி விபத்தோ என்று கம்பெனிகளில் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் போனை வாங்கி வீட்டுக்கு அடிப்பார்கள். "நல்லாருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வார்த்தை வந்து சேரும் வரைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்தப் பட்டன் போன் ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "பெருசா ஒண்ணும் வேண்டாம்லே. சத்தம் கேட்டா ஒனக்குச் சொல்லணும். அதுக்கு ஒரு போனு போதும்."

மேதாவியான நான் அதைக் காதில் வாங்கினேனா? "நீ சும்மா இரும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அம்மா, அப்பா, தங்கை செல்வி, நான் என்று நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பில் வரும் ஃபேமிலி பிளான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பழைய நம்பர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று கடையில் இருந்த பெண் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். கடைசி எண் மட்டும் மாறுகிற மாதிரி வரிசையாக நாலு புது நம்பர் வாங்கினேன். குடும்பம் என்றால் பார்க்க ஒரு ஒழுங்கு வேண்டாமா?

பிறகு அம்மாவுக்கு போன் தேர்வு. ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தேன். மூன்று கேமரா வைத்த போனை எடுத்தேன். இருட்டில்கூடத் துல்லியமாகப் படம் எடுக்குமாம். (அம்மா எட்டரைக்குத் தூங்கிவிடுவாள்.) கண்ணாடித் திரையில் விரலை வைத்தால் வெண்ணெயில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வைத்தது என் விரல்.

நடுவில் அம்மா மெதுவாக, "தாயி, பட்டன் வச்சது இருக்கா?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் அதைப் பல்லியைத் தள்ளுவது போல் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போனுக்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். திங்கட்கிழமைதான் வேலைக்குக் கொண்டுபோவேன் என்றாள். இரண்டு நாளும் அதற்கு வந்த அழைப்புகளையெல்லாம் நானே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விரல் ரேகைப் பூட்டுப் போட உட்கார்ந்தோம். அம்மா விரலை வைத்தாள். ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். ஏற்கவில்லை.

"கைய நல்லாக் களுவிட்டு வாம்மா" என்றேன்.

போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். மறுபடியும் அனுப்பினேன். மூன்றாவது தடவை தேங்காய் நார் வைத்துத் தேய்த்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அப்போதும் ஏற்கவில்லை. "ஒரு விரலை ஒளுங்கா வைக்கத் தெரியலையா ஒனக்கு?" என்று எரிந்து விழுந்துவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று என் கட்டை விரலையே பதிந்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சத்தம் கேட்டது.

அச்சகத்தில் எல்லோருடைய கையும் போனுக்குப் போனது. மெஷின் ஓட்டுகிற அண்ணனுக்கு அவர் மனைவி பேசிவிட்டார். பைண்டிங் அக்காவுக்கு அவர் மகள் பேசிவிட்டாள். ஒவ்வொருவராக மூச்சு விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். எனக்கு வரவில்லை. நானே அடித்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. ஏழு தடவை அடித்தேன், எடுக்க ஆளில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேள்விப்பட்டே இராத சாமிகளுக்கெல்லாம் அங்கே நின்று நேர்த்திக்கடன் வைத்தேன். முந்தின நாள் அவளைத் திட்டியது ஞாபகம் வந்தது. அம்மாவிடம் நான் கடைசியாகப் பேசியது அந்த எரிச்சலான பேச்சாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கம்பெனி வாசலில் பைக்கைப் போட்டேன். (நிறுத்தவில்லை, போட்டேன்.) இடது பக்கம், வலது பக்கம் பார்க்காமல், வாட்ச்மேன் அண்ணாச்சியைத் தாண்டி நேரே உள்ளே ஓடினேன். பட்டாசுக் கம்பெனிக்குள் ஓடக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. இரும்புச் சாமான் ஆகாது. போன் கூடவே கூடாது. ஒரு கையில் போன், ஒரு கையில் பைக் சாவி, ஒற்றைக் காலில் செருப்போடு, நாலு எட்டில் நாலு விதியையும் மீறினேன்.

ஃபோர்மேன் என் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்து வந்தார். "தம்பி, எங்கன வந்து நிக்கீக தெரியுதா? படிச்சவுகதான?"

"எங்கம்மா... எங்கம்மா..."

"அம்மா பேரு என்ன?"

அம்மா பேரு! இருபத்து நாலு வருஷமாக அம்மா என்றே கூப்பிட்டவனுக்கு அந்த நேரத்தில் பேர் வாயில் வரவில்லை. விம்மிக்கொண்டே எட்டாவது தடவையாக அவளுக்கு அடித்தேன். அழைப்பு எடுக்கப்பட்டது. முதலில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. அப்புறம் அம்மாவின் குரல்.

"ஏலே, நான் நல்லாருக்கேன். நீ எதுக்கு உள்ள ஓடி ஃபோர்மேன்ட்ட ஏச்சு வாங்குத? இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். பதினைந்து அடி தூரத்தில் வேப்பமரத்தடியில் அறுபது பெண்கள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது, ஓடியது, இழுத்து வரப்பட்டது எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் அம்மா. கையில் மூன்று கேமரா போன். மூக்கு நுனியில் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துத் தூள்.

வந்த சத்தம் கல்குவாரியில் வைத்த வெடி. எல்லோரும் வெளியே வந்து வீட்டுக்குச் சொல்லி முடித்தும், என் அம்மா மட்டும் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறாள். பூட்டைத் திறக்க என் விரல் வேண்டும். வந்த அழைப்பை எடுக்கத் தள்ளினால் திரை அவள் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் போனில், மனப்பாடமாகத் தெரிந்த என் பழைய நம்பரை அடித்திருக்கிறாள்.

"அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு ஒருத்தி சொல்லுதா. ஏதும் ஆயிருச்சோன்னு நீ பதறுவியே! அதான் கடைசில மூக்க வச்சுத் தள்ளிப் பாத்தேன், எடுத்துக்கிருச்சு" என்றாள்.

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வருஷக் கணக்காகப் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டி, பசை தடவி, மருந்து அள்ளிய விரல்கள். ரேகை தேய்ந்து, நுனி காய்ந்து வழவழவென்று இருந்தது. ரேஷன் கடை மெஷின்கூட மாதாமாதம் இந்த விரலை மறுக்கும். அந்த வரிசையில் அவளுக்குப் பின்னால் பை பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். கேமராவை எண்ணிய எனக்கு அம்மாவின் விரல் ஞாபகம் வரவில்லை. அறுபது பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"அளுவாதலே, எல்லாரும் பாக்காக" என்று அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கையில் இருந்த தூள் என் முகமெல்லாம் ஆனது. அந்தக் கோலத்தில் என்னை நிற்க வைத்து, ஃபோர்மேன் பாதுகாப்பு விதிகளை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

மறுநாளே பட்டன் போன் வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. "பாத்துப் பாத்து எம்மவன் வாங்குனது. மூக்கு இருக்குல்ல, அது போதும்." பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

இன்றைக்கும் அதே போன்தான். கல்யாண வீடானாலும் பஸ்ஸானாலும், மணி அடித்தால் அம்மா தலையைக் குனிந்து மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் ஹலோ என்பாள். புது போன் மாடல் ஏதாவது வந்தால் செல்வி மதுரையிலிருந்து கூப்பிட்டு, "அண்ணே, இதுல மூக்கு வைக்க எடம் தோதா இருக்கா பாத்துச் சொல்லு" என்பாள். அப்பா வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

ஆனால் சத்தம் கேட்கிற நாட்களில் நான் சிரிப்பதில்லை. அடித்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் ஹலோ சொல்வதற்கு முன்பே, திரையில் மூக்கு உரசும்போது புஸ்ஸென்று ஒரு மூச்சு வரும். எனக்கு அது போதும். அவள் "நல்லாருக்கேன்" என்று சொல்வதற்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருப்பேன்.