பொழுது சாய்வதற்குள் சித்தாமூர்

உலகத்தில் ஜீப்பு என்று ஒன்று உருளத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, எறும்பிடம் சொல்லிவிட்டு அதைக் கிளப்பிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில் எனக்கு வீட்டுக்காரராக இருந்தார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. ஊருக்கு அவர் ஜீப்பு நயினார்.

எண்பதுகளின் தொடக்கம். விழுப்புரத்துக்காரனான எனக்குத் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இலக்கியத்தில் முதுகலை, டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம், உலகத்தைப் பற்றிய உறுதியான கருத்துகள் ஆகியவற்றோடு நயினார் வீட்டு முன்னறைக்குக் குடி வந்தேன். அவர் புத்தகங்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"தோள்பட்ட பரவால்ல," என்றார்.

அதன் பொருள் ஒரு வாரத்தில் விளங்கியது. அந்த ஜீப்புக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. அந்தப் பதவி எனக்கு.

நயினாருக்குத் தொழில் மல்லாட்டை மண்டி; மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. ஜீப்பு, விழுப்புரத்தில் ஓர் ஏலத்தில் எடுத்தது. உலகப் போரில் ஓடிய வண்டி என்பார். ஓடிய அழகைப் பார்த்தால் தோற்ற பக்கத்துக்காகத்தான் ஓடியிருக்க வேண்டும். மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஊருக்குள் கொண்டுவந்தாராம். அன்றிலிருந்து வீட்டுப் பின்கட்டில் வாழைமரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, கழற்றுவதும் மாட்டுவதுமாக அவர் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் சமணக் குடும்பம். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஆகவே வண்டியைக் கிளப்புமுன் நயினார் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பார்: "உள்ள கீறவங்கள்லாம் எறங்கிக்கோங்க! வண்டி பொறப்புடுது!" பிறகு, எறும்பு, பல்லி முதலானவை குடும்பத்தோடு வெளியேறப் போதுமான நேரம் தருவார். நான் பின்னால் கைவைத்தபடி நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு தடவை விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார். பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் அணில் கூடு. கண் திறக்காத குட்டிகள். நயினார், தொட்டில் குழந்தைக்குக் கொசுவலையை இறக்குகிற பதத்தில் பானெட்டை மூடினார்.

"குட்டிங்க பெருசாவட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"நயினாரே, நான் வண்டி ரிப்பேருக்கு வந்தேனா, பிரசவம் பாக்க வந்தேனா?" என்றார் மெக்கானிக்.

குட்டிகள் வளர்ந்து வெளியேறியபோது மெக்கானிக்கும் துபாய்க்கு வெளியேறியிருந்தார். அதன்பின் நயினாரே எல்லாம். ஸ்டியரிங், பழைய பஸ்ஸிலிருந்து எடுத்தது. அதைத் திருப்பும்போது மாவாட்டுவது போலிருக்கும். மேற்கூரை மண்டித் தார்ப்பாய். இருக்கைகளுக்கு, மூடிப்போன சினிமாக் கொட்டகையின் மடக்கு நாற்காலிகள். ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் ரகம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது நாமும் குதிப்போம். திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி மடிந்திருக்கும்.

மாதம் ஒருமுறை கோட்டக்குப்பத்திலிருந்து பழைய இரும்பு வாங்கும் பாய் வருவார். டீ குடித்துவிட்டு, வண்டியை விரலால் சுண்டிப் பார்ப்பார்.

"நல்ல இரும்பு நயினாரே. எட போட்டுறலாமா?"

"போங்க பாய் பேஜாரு பண்ணிக்கினு. இன்னும் கொஞ்ச வேலதான் பாக்கி."

"நானும் கொஞ்ச நாள்தான் பாக்கி உட்டுவெச்சிருக்கறேன்."

இதையெல்லாம் அடுக்களை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார் நயினாரின் மனைவி பத்மாவதி அக்கா. அதிகம் பேசமாட்டார். நீளமாகப் பேசி நான் முதன்முதலாகக் கேட்டது மேல்சித்தாமூர்ப் பயணத்துக்குப் பிறகுதான்.

அக்காவுக்கு அம்மா வீடு மேல்சித்தாமூர். ஒருநாள் பிற்பகலில் இருவரும் ஜீப்பில் கிளம்பிப் போனார்கள். பாதி வழியில் வண்டி நின்றது. சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் யாரும் வாயில் அன்னம் வைப்பதில்லை. மகளுக்காகச் சமைத்து வைத்ததையெல்லாம் அந்த அம்மா மூடிவைக்க, அக்கா வெறும் வயிற்றோடு படுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் நயினாரிடம் சொன்னார்:

"இதப் பாருங்க. எங்கூருத் தேருக்குப் போறப்ப பொழுது சாயறதுக்குள்ள என்ன எங்கம்மா வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுறணும். இல்லாங்காட்டி வண்டிய பாய்கிட்ட குடுத்துறணும். சரியா?"

"சரி," என்றார் நயினார். எங்கள் அலுவலகத்தில் சஸ்பெண்டு ஆனவர்கள்கூட அதைவிடத் தெம்பாகத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

அதற்குப்பின் வண்டியில் ஒரு புதுமை சேர்ந்தது. டிரைவர் இருக்கைக்கு அடியில், பூட்டுப் போட்ட டூல்ஸ் பெட்டி. வெள்ளோட்டத்துக்குப் பாண்டிச்சேரி ரோட்டில் போனோம். கிளியனூர் தாண்டியதும் வண்டி இருமிக்கொண்டு நின்றது.

"அண்ணே, அந்தப் பொட்டியத் தொறங்க. ஸ்பேனர் எடுக்கலாம்," என்றேன்.

"அதத் தொடாத தம்பி. அது எமர்ஜென்சிக்கு."

"இது எமர்ஜென்சி இல்லியா?"

"இது சாதாரணமா நின்னுருக்குது."

திண்டிவனம் வரை தள்ளினேன். உலகத்தைப் பற்றிய என் கருத்துகளில் பாதி அந்தச் சாலையில்தான் உதிர்ந்தன.

தேருக்கு முதல் நாள் பிற்பகலில் கிளம்பினோம். முன்னால் நயினாரும் அக்காவும், பின்னால் ஸ்டார்ட்டராகிய நான். பானெட்டைத் தட்டி அறிவிப்புக் கொடுத்ததும் ஓர் ஓணான் இறங்கிப் போயிற்று. செஞ்சி ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் கொதித்தது. ஏரிக்கரையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். நான் சும்மா ஊற்றியிருப்பேன். நயினாருக்கு வேட்டியின் தலைப்பில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரில் உள்ள சிற்றுயிர்கள் வெந்துவிடக் கூடாதே. தேநீருக்குக்கூட யாரும் அவ்வளவு நிதானமாக வடிகட்டமாட்டார்கள். அங்கேயே நேரமாகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் அதிசயம். வண்டி ஓடியது. இருமல் இல்லை, விக்கல் இல்லை, பிறந்ததிலிருந்து ஓடாத ஓட்டம் ஓடியது. எதிரே சூரியன் மல்லாட்டைக் கொல்லைகளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நயினார் ஸ்டியரிங்கோடு ஸ்டியரிங்காக ஒட்டிக்கொண்டிருந்தார். சினிமா நாற்காலியில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இயந்திரத்துக்காக வேண்டிக்கொண்டேன்.

ஆனால் சூரியனும் நல்ல கண்டிஷனில் இருந்தது. சித்தாமூர் இன்னும் எட்டவில்லை. சூரியன் பனைமரத் தலைகளைத் தொட்டுவிட்டது. அக்கா அதைப் பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். அணைந்தால், மறுபடி எப்போது கிளம்பும் என்பது அதற்கே தெரியாது.

நயினார் காலை எடுத்தார்.

"அண்ணே! நல்லாத்தானே ஓடுது! ஏன் நிறுத்தறீங்க?" என்று கத்தினேன்.

அவர் இறங்கி, டூல்ஸ் பெட்டியின் பூட்டைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர் இல்லை. ஒரு தூக்கு வாளியும் வாழை இலை நறுக்கும் இருந்தன. தூக்கில் தயிர்சோறு, மூடியில் மல்லாட்டைத் துவையல்.

"ஜல்தியா சாப்புடு பத்மா. பொழுது இன்னும் கீது."

அக்கா தூக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"யாரு ஆக்குனது?"

"நான்தான். காலீல நீ கோயிலுக்குப் போனப்ப."

"அப்ப உங்களுக்கே உங்க வண்டிமேல நம்பிக்க இல்ல?"

"வண்டிமேல நம்பிக்க கீது," என்றார் நயினார். "சூரியன்மேலதான் இல்ல."

சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். எனக்கும் ஓர் உருண்டை வந்தது. கடைசி வாய் அக்காவின் தொண்டையில் இறங்கவும் சூரியன் கொல்லைக்குள் இறங்கவும் சரியாக இருந்தது.

"உப்பே போடல," என்றார் அக்கா, கையைக் கழுவிக்கொண்டே.

நயினார் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பின் மட்கார்டைத் தடவிக்கொடுத்தார். அறுக்கக் கொடுக்கிற மாட்டைத் தடவிக்கொடுத்தவர்களுக்கு அந்தக் கையைத் தெரியும்.

அக்கா சேலையை வரிந்து இடுப்பில் செருகினார். வண்டிக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நீ அந்தாண்ட புடி. ஏங்க, நீங்க போயி உக்காருங்க. உள்ள கீறவங்களுக்கு மொதல்ல சொல்லிருங்க."

நயினார் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். அறிவிப்புக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

தள்ளினோம், கிளம்பியது. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் சித்தாமூர் போய்ச் சேர்ந்தோம். வாசலில் காத்திருந்த அக்காவின் அம்மா மகளின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னிக்கும் பட்டினியாடி?"

"வவுறு நெறையச் சாப்ட்டேம்மா. வண்டி கரெக்டாத்தான் வந்துச்சு. சூரியன்தான் முன்னாடியே பூட்டாரு."

அடுத்த மாதம் பாய் வந்தபோது அக்காவே டீயைக் கொடுத்துச் சொல்லிவிட்டார்: "வேற வூடு பாருங்க பாய். எங்க வண்டில இன்னும் கொஞ்சம் வேல பாக்கி கீது."

இன்று என்னிடமும் ஒரு கார் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். யாரும் தள்ள வேண்டியதில்லை. ஆனாலும் காலையில் ஏறுவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுகிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று என் மனைவி சிரிக்கிறாள். உள்ளே இருக்கிற ஜீப்பு நயினார் இறங்கிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் தட்டுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?