அப்பா பிறந்ததற்கு ஒரு சாட்சி

திண்டுக்கல்,
12-6-59, வெள்ளிக்கிழமை இரவு.

அன்பும் மரியாதையும் உள்ள வேலுசாமி மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகள் சண்முகவள்ளி பணிவுடன் எழுதிக்கொள்வது. மதுரையில் தாங்களும் அத்தையும் சுகமாக இருக்கப் பழனி முருகனை வேண்டுகிறேன். இங்கே அம்மா சுகம், ஆடு சுகம். அப்பாவும் நானும் மட்டும் திங்கட்கிழமை வரைக்கும் சுகம். அதற்குப் பிறகு ஜெயிலில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. இதைப் படித்தவுடன் கிழித்துவிடவும்.

அப்பா பேகம்பூர்ப் பக்கம் ராத்திரி ரோந்து போயிருக்கிறார். அம்மா தூங்குகிறாள். நான் அடுப்படியில் சிமினி விளக்கை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். ஸ்டேஷனில் பாராக்காரர் பதினொரு மணி அடித்துவிட்டார். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் விளக்கை ஊதி அணைத்து மறுபடி ஏற்றுவதால் தீப்பெட்டியில் நாலு குச்சிதான் பாக்கி. எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான் மாமா. அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த வருடம் 1904 என்று இருக்கிறது. ஐம்பத்தைந்து முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது சர்க்கார் விதி. அதனால் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஏட்டு வேலை முடிகிறது. போலீஸ் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குஜிலியம்பாறைக் காட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. நான் இப்போதுதான் ஆறாம் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரே வருடம், எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். அங்கே போனால் எனக்குக் களைக்கொட்டும் கல்யாணப் பேச்சும்தான். ஆனால் அப்பா, “பத்தொம்பது வயசுல வேலைக்குச் சேந்தப்ப எனக்கிருந்த மீசையைப் பாத்துட்டு அந்த ரைட்டர் இருபத்திரெண்டுன்னு போட்டுட்டான். மீசைக்குப் போட்ட வயசுத்தா அது, எனக்குப் போட்டதில்ல” என்று சொன்னார். அப்படியானால் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது, இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் இருக்கிறது. நான் நம்பினேன், சந்தோஷப்பட்டேன். மேலே மனுப் போட்டதில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார், அத்தாட்சியோடு வா என்று உத்தரவு வந்திருக்கிறது.

அத்தாட்சிக்கு எங்கே போவது? கிராம முன்சீப்பின் பிறப்புக் கணக்கைக் கரையான் தின்றுவிட்டது. முப்பத்து மூன்று வருடம் கேஸ் ஜோடித்த அப்பா, தான் பிறந்ததையும் ஒரு கேஸாகவே ஜோடிக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷனுக்கு எதிரே சோடாக்கடை வைத்திருக்கும் பேச்சிமுத்துதான் அப்பாவுக்கு எல்லாக் கேசுக்கும் சாட்சி. திருட்டோ அடிதடியோ சாராயமோ, எது நடந்தாலும் அவர் தற்செயலாக அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருப்பார். நேற்றுச் சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரவழைத்து ஒத்திகை நடந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

“சம்பவத்தன்னைக்கு விடியக்காலம் நான் காட்டுக்குப் போற வழியில, அலறல் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாத்தேனுங்க. எதிரி ஒச்சப்பன் உடம்புல பொட்டுத்துணி இல்லாம, ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கிட்டுக் காலை உதைச்சுக்கிட்டு இருந்தாரு. ஆயுதம் எதுவும் கைப்பத்தலை.”

“ஏலே பேச்சி! நான் பொறந்ததைச் சொல்லச் சொன்னா என்னயவே பிடிச்சுக் குடுக்கிறியே!”

“பழக்கதோசம் ஏட்டையா. எதிரின்னு சொன்னாத்தான் மத்ததெல்லாம் வாயில வருது.”

அம்மா வெஞ்சனம் கிண்டிக்கொண்டே கேட்டாள்: “ஏண்ணே, உங்களுக்கு என்ன வயசு?”

“நாப்பத்தஞ்சு தாயி.”

“அப்ப இவுக பொறந்து ஏழு வருசம் கழிச்சுல்ல நீங்க பொறந்திருக்கீக?”

“அதுக்கென்ன தாயி? போன வருசம் அந்த வண்டிமாட்டுக் கேசுல நான் ஊர்லயே இல்ல. சாட்சி சொல்லலையா?”

நான் சிரித்துவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏத்தா, உன் கையெழுத்து நல்லா இருக்குமுல்ல?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

ஒரு பழைய தாளைக் கொடுத்து, தாத்தா எழுதிய பிறப்புக் குறிப்பு போல என்னை எழுத வைத்தார். “பிலவங்க வருடம், ஆனி மாதம், மூத்த மகன் ஒச்சப்பன் ஜனனம்.” எழுதி முடித்ததும் அப்பா அதை டீத்தூள் கொதித்த தண்ணீரில் முக்கி, அடுப்புப் புகையில் காயவைத்தார். அது நிஜமாகவே அரதப் பழசாகிவிட்டது. அப்பா அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். ராத்திரி படுத்த பிறகுதான் மாமா எனக்கு அது நினைவுக்கு வந்தது. வெற்றுத்தாளைப் பார்த்தால் வலது மூலையில் தேதி போடுவது எனக்குப் பள்ளிக்கூடத்து வழக்கம். போடாவிட்டால் டீச்சர் முட்டிபோட வைப்பார்கள். அந்தத் தாளிலும் 11-6-59 என்று போட்டிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு எதற்குக் கண்ணாடி என்று ஒரு மாதமாக அப்பா கண்ணாடி போடுவதில்லை, அதனால் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பார்ப்பார். அப்பாவிடம் சொன்னால் முதுகுத்தோல் போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவின் தொப்பியே போய்விடும். தாளே வேண்டாம் என்று அப்பா விட்டுவிட்டால் என் படிப்புப் போய்விடும். பொய்ப் பத்திரம் எழுதச் சொன்னவருக்கு எத்தனை வருடம், எழுதியவளுக்கு எத்தனை வருடம்? தாங்கள் வக்கீல் குமாஸ்தா, தெரிந்திருக்கும். கேட்கவே பயமாக இருக்கிறது. விடியுமுன் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் அந்தத் தாளை எப்படியாவது வாங்கிப் பாருங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும், அதில் முதல் காரியமாக ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
ஒ. சண்முகவள்ளி

பின்குறிப்பு: பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். லைனில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிகிறதே, திருடன் என்று பூனை மாதிரி வந்திருக்கிறார். என்னை நிற்க வைத்துக் கடிதம் முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தேதி வந்த இடத்தில், “நிறுத்து” என்றார். பெட்டியைத் திறந்து, தாளைக் கையை நீட்டி எட்டப் பிடித்து விளக்கில் பார்த்தார். நான் அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா எழுந்துவந்து, “இனியாச்சும் பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுங்க” என்றாள். அப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “போலீஸ் ஆளெடுப்புல வயசு கூடுதல்னு தள்ளிருவாகன்னு எங்கய்யா ரெண்டு வருசத்தைக் குறைச்சுச் சொன்னாருத்தா. எனக்கு இப்ப அம்பத்தேழு.” மீசை, ரைட்டர் எல்லாம் பொய்யாம் மாமா. தாளும் மனுவின் நகலும் அடுப்புக்குள் போய்விட்டன. திங்கட்கிழமை மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, முப்பதாம் தேதியே ரிட்டயர் ஆகிறாராம்.

“அப்ப என் பள்ளிக்கூடம்?” என்று அழுதுவிட்டேன்.

“பொய்ச்சாட்சிக்கு லாயக்கில்லாத பிள்ளை நீ. படிச்சுத்தான் பிழைக்கணும். மாமன் வீட்ல இருந்து படி” என்றார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம். அம்மாவும் நானும் பெட்டி படுக்கையோடு அங்கே வருகிறோம். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பதில் எழுதச் சொல்லலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “கேட்டா யோசிப்பாக. போய் நின்னாச் சேத்துக்குவாக” என்று சொல்லிவிட்டார்.