முன்வரிசை, நடு நாற்காலி

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இடது கை ஆள்காட்டி விரலில் மூன்றாவது சுற்றுத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

"விரல்ல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு துணி?"

விரல் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதற்கு ஏதாவது ஆகியே தீர வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

வயலின் வாத்தியார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் ஞாயிறன்று நூலக அரங்கில் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தாள். வாத்தியார் சொந்தமாக அமைத்த மெட்டு ஒன்று உண்டு. ஆண்டு விழாவில் மாணவர்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து அதை வாசிப்பார்கள். ஊரே வந்து கேட்கும். வேலை, குழந்தைகள் என்று மகளால்தான் ஒரு விழாவுக்கும் வர முடியவில்லை. அப்பாவின் மெட்டை ஒரே ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். கடைக்காரர் உட்பட அந்தப் பன்னிரண்டு பேரும் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும்.

கடைக்காரருக்கு வாசிக்கத் தெரியாது.

பதினோரு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போனவர் அவர். இருந்தும் தெரியாது. இது இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம். அதில் ஒருவர் போய்விட்டார்.

முதல் ஆண்டு விழாவன்று வாத்தியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வில்லில் பிசின் தடவுவதற்குப் பதிலாகக் குளியல் சோப்பைத் தடவினார்.

"பிசின் இருந்தாத்தான் வில்லு கம்பியைப் பிடிக்கும். சோப்பு வழுக்கிட்டுப் போயிடும், சத்தமே வராது. மத்தவங்க வாசிக்கட்டும். நீங்க கையை மட்டும் சந்தோஷமா ஆட்டுங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்."

அந்தக் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் மேடை வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அன்று வீடு திரும்பும்போது வயலின் பெட்டியை மனைவி தானே வாங்கிக்கொண்டு நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத மரியாதை அது. அதற்கப்புறம் வகுப்பை விட அவருக்கு எப்படி மனசு வரும்?

மறுநாள் வாத்தியாரின் மகள் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஐயோ, விரலாண்ணா? ஆற எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம் ஆகும்மா. நீங்க நடத்துங்க, எனக்காகக் காத்திருக்காதீங்க."

"நல்லா இருக்கே! உங்களை விட்டுட்டு நடத்தினா அப்பா என்னை மன்னிக்கவே மாட்டார். கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளி வச்சுடறேன். லீவை நீட்டிக்கலாம்."

தள்ளியும் வைத்துவிட்டாள். அழைப்பிதழ்களில் தேதியை அடித்துப் பேனாவால் திருத்தியாயிற்று. கண் பரிசோதனைக்கு வந்தவர்களெல்லாம் அவருடைய விரலைப் பரிசோதித்துவிட்டுப் போனார்கள். தன்னால் ஒரு பெண் லீவு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாளே கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு அவளைப் போய்ப் பார்த்தார்.

"விரல் சரியாயிடுச்சும்மா. ஆனா ஒண்ணு, நான் பெரிய வாசிப்புக்காரன் இல்ல. கடைசி வரிசையில ஓரமா உக்காந்துக்கறேன்."

பாதி உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி அவருக்கு. அவளுக்கோ கண் கலங்கிவிட்டது.

"அப்பாவும் இப்படித்தான் பேசுவார். தெரிஞ்சவங்க அலட்டிக்க மாட்டாங்கம்பார். முன்வரிசை, நடு நாற்காலி உங்களுக்குத்தான். முதல் அடியை நீங்க தனியா வாசிங்க. மத்தவங்க அப்புறம் சேர்ந்துக்கட்டும்."

கடைக்காரருக்குக் காலடியில் பூமி கொஞ்சம் நகர்ந்தது.

அன்று சாயங்காலம் வாத்தியாரின் பழைய வகுப்பறையில் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரே ஜன்னல். எத்தனை அபசுரம் வந்தாலும் வாத்தியார் முகம் சுளிக்காமல் "சரி, இன்னொரு தடவை" என்று சொன்ன இடம் அது. அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

கடைக்காரர் எழுந்தார். "தனியா வாசிக்கிறது வாத்தியாருக்குப் பிடிக்காத விஷயம். சேர்ந்தே ஆரம்பிப்போம்."

"ரொம்பச் சரி!" என்றார் பல் டாக்டர், கொஞ்சம் அவசரமாக.

"ஒத்திகையும் வேண்டாமே, மனசுலதான் ஊறிக் கிடக்கே" என்றார் தபால்காரர்.

"வேண்டவே வேண்டாம்" என்றார் கணக்கு டீச்சர். மற்ற எல்லோரும் தலையாட்டினார்கள்.

எவ்வளவு நம்பிக்கை இவர்களுக்கு என்று கடைக்காரர் பொறாமைப்பட்டார்.

ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. உண்மையிலேயே கற்றுக்கொண்டுவிடலாம் என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, வில்லில் பிசினைத் தடவி ஒரு இழுப்பு இழுத்தார். மனைவி ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு? எது விழுந்துச்சு?"

"வாசிச்சேன்."

"மேடையில இப்படி இருக்காதே!"

"மேடையில வேற மாதிரி."

"அப்ப மேடையிலயே வாசிங்க. எதிர்வீட்டுல ஜன்னலைச் சாத்தறாங்க."

மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? இரண்டு தடவை வாத்தியார் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினார். தன் மானம் போவது பெரிதில்லை. பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்தும் ஒன்றும் வராத ஒரு மாணவனை உங்கள் அப்பா மேடையில் ஏற்றி ஊரை ஏமாற்றினார் என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? வாத்தியார் பெயர் கெடக் கூடாது. ஞாயிறு காலையில் குளியலறையிலிருந்து சோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அரங்கு நிரம்பியிருந்தது. நூலகத் தலைவர் உருகிப் பேசினார். "ஒரு விழாவிலும் அவர் மேடையில் வந்து உட்கார்ந்ததில்லை. கைதட்டலை மாணவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற மனிதர் அவர்." முன்வரிசையில் மகள் கைக்குட்டையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

திரை விலகியது. பன்னிரண்டு வில்லும் ஒரே நேரத்தில் எழுந்து கம்பிமேல் இறங்கின.

சத்தம் வரவில்லை.

மின்விசிறி சுற்றும் ஒலி மட்டும் தெளிவாகக் கேட்டது. கடைக்காரர் பல் டாக்டரை முறைத்தார். பல் டாக்டர் கணக்கு டீச்சரை முறைத்தார். டீச்சர் கழுத்தைத் திருப்பித் தபால்காரரைப் பார்க்க, தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஆடிக்கொண்டிருந்தார். அடுத்தவர் வாசித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் யாரும் கையை நிறுத்தவில்லை.

அரை நிமிடம் பொறுத்த நூலகத் தலைவர் இது மௌன அஞ்சலி என்று புரிந்துகொண்டு எழுந்து நின்றார். ஊரே எழுந்து நின்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழகிய கைகள் நான்காவது நிமிடத்தில் சேர்ந்தாற்போல் நின்றன. திரை விழுந்தது.

மேடைக்குப் பக்கத்து அறைக்குள் மகள் வேகமாக வந்தாள்.

"ஏன் யாருமே வாசிக்கல? ஊர்க்காரங்க அஞ்சலின்னு நினைச்சுக்கட்டும். நான் நினைக்கல."

கடைக்காரர் வில்லைக் கீழே வைத்தார். "மத்தவங்களை எனக்குத் தெரியாதும்மா. எனக்கு வாசிக்கத் தெரியாது. என் வில்லுல சோப்பு. உங்கப்பாதான் இரக்கப்பட்டு வழி சொல்லிக் கொடுத்தார். அவரைத் தப்பா நினைக்காதீங்க."

"உங்களுக்குமா?" என்றார் பல் டாக்டர்.

தபால்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கணக்கு டீச்சர் கைப்பையைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மேஜை குளியலறை மாடம்போல் ஆகிவிட்டது.

"என்கிட்ட மட்டும்தான் சொன்னதா சொன்னாரே!" என்றார் டீச்சர். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "அப்போ அந்த மெட்டு இனிமே எனக்குக் கிடைக்காதா?"

யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அது சரி, இத்தனை வருஷம் ஊர் கேட்டதே, அது யார் வாசிச்சது?" என்று கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

கதவோரம் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரர் நிமிர்ந்தார்.

"திரைக்குப் பின்னால உக்காந்து ஐயா ஒருத்தர்தாம்மா வாசிப்பார், இவங்க முன்னாடி இருக்கிற மைக்குக்கு நான் கரண்டே கொடுக்கறதில்ல, எல்லா வருஷமும் பதிவு பண்ணி வச்சிருக்கேன், போடட்டுமா?"