கன்னிவாடிக்குப் போன மூன்று ஸ்வெட்டர்கள்

இளைத்தவனை ஊர் பாராட்டும் என்று நம்பித்தான் நானும் இளைத்தேன். நூற்றுப் பத்து கிலோ இருந்தவரை என்னை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. டாக்டர் மிரட்டியதில் இரண்டு வருடம் சோற்றைக் குறைத்து, பூண்டுக் காட்டில் ஏறி இறங்கி அறுபத்தெட்டுக்கு வந்தேன். உடனே "என்ன சீக்கு?" என்று நாங்கள் இருக்கும் மேல்மலை முழுக்க விசாரணை. (டீக்கடையில் என் கிளாஸை மட்டும் இரண்டு தடவை கழுவினார்கள். நானே பார்த்தேன்.) வந்த இரண்டு சம்பந்தமும் அந்த விசாரணையிலேயே கலைந்தன.

மூன்றாவது சம்பந்தம் கன்னிவாடியில். தரகர் கொடுத்திருந்ததோ என் பழைய போட்டோ. இதையும் விட்டால் எனக்குக் கல்யாணமே கிடையாது என்று பயந்துபோனேன். போட்டோவில் இருப்பவனாகவே போய் நிற்பது என்று முடிவெடுத்து, பழைய சட்டைக்குள் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். (முகம்? அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.) எங்கள் குளிரில் அது ஒன்றும் பெரிய உடுப்பில்லை. கன்னிவாடி மலைக்குக் கீழே இருக்கிறது என்பது பஸ் வத்தலக்குண்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

பெண் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்வை ஆறாக ஓடியது. பெண்ணின் அப்பா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"என்ன தம்பி, முகம் மட்டும் வத்திக் கெடக்கு?"

"பயணக் களைப்புங்க."

"களைப்புல கழுத்துக்கு மேல மட்டுமா வத்தும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கண் இருட்டியது.

தெளிந்தபோது தரையில் கிடந்தேன். கூட வந்திருந்த என் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் பூண்டு உரிப்பதுபோல ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதும் போனதும், கொழுப்பு போன பிறகும் போகாமல் மடிந்து தொங்கும் என் வயிற்றுத் தோல் எல்லார் கண்ணிலும் பட்டது. அதுவரை நான் யாருக்கும் காட்டாத தோல். அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

சொம்பில் தண்ணீரோடு வந்த தேன்மொழி (அவள்தான் பெண்) ஸ்வெட்டர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. குண்டா இருந்தேன், இளைச்சுட்டேன். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"இம்புட்டையும் மாட்டிட்டு வந்தா எப்படிங்க நம்புறது?"

என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வரவழைத்து, வரிவரியாகப் படித்த பிறகுதான் சம்மதித்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. தோலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. (நானும் கேட்டதில்லை.)

மாமனார் மட்டும் இன்றும் வாசலில் நிறுத்தி, "உள்ள எத்தனை மாப்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுகிறார். போன பொங்கலுக்கு என் நாலு வயது மகள் முந்திக்கொண்டு என் சட்டையைத் தூக்கினாள். வயிற்றுத் தோலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்:

"தாத்தா, அப்பா இன்னும் ஒண்ணக் கழட்டவே இல்ல!"