உள்ளது உள்ளபடி கேட்கும் பெட்டி

மூன்று வாரமாக ஒரு தொட்டில் கொக்கி கிரீச் கிரீச்சென்று கத்துகிறது. அந்தச் சத்தம் அதே வீட்டில் சாப்பிட்டு அதே வீட்டில் தூங்குகிற ஒரு மனுஷன் காதில் விழ வேண்டுமென்றால் என்ன செய்யணும், சொல்லுங்கள் பார்ப்போம்? நாமும் கூடச் சேர்ந்து கத்தணும் என்பீர்கள். அவள் கத்திப் பார்த்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லை. குறைகேட்புப் பிரிவில் உதவியாளர். ஊர்ச் சனத்தின் குறைகளைக் கேட்பதற்கென்றே நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்து உட்கார வைக்கப்பட்டவர். பகலெல்லாம் உழைத்த காது, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

"என்னங்க, கொக்கி ஆடுது. பிள்ளையும் கனத்துக்கிட்டே போறான். என்னைக்காவது கழண்டு விழப் போகுது."

"பரிசீலனையில இருக்கு."

"கொக்கியா?"

"நீ சொன்னது."

அவள் மட்டுமா? எதிர்வீட்டு அக்கா, தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. அதுவும் இதே ஆளின் மேசையில் பரிசீலனையில்தான் இருந்தது. வீடு வேறு, அலுவலகம் வேறு என்று அவர் பாகுபாடு பார்ப்பதில்லை.

இந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. ஸ்டுடியோ மானிட்டர் காய்ச்சல். அது ஒரு வகை ஸ்பீக்கர். பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் பிழை கண்டுபிடிக்க வைத்திருப்பார்களாம். சாதாரண ஸ்பீக்கர் பாட்டுக்குப் பவுடர் பூசி அனுப்புமாம். இது அப்போதுதான் தூங்கி எழுந்த மூஞ்சியை அப்படியே காட்டுமாம். வரிப் பிரிவில் ஒருத்தர் வாங்கிவிட்டார். பத்திரப் பிரிவில் இரண்டு பேர். குறை கேட்கிற பிரிவுக்கே நல்ல காது இல்லை என்று நாலு பேர் பேசும்படி விடலாமா?

ஆகவே, 'துல்லியமான இல்ல ஒலிகேட்புக் கருவித் தேர்வுக் குழு' முறைப்படி அமைந்தது. தலைவர், பிரிவுக் கண்காணிப்பாளர். உறுப்பினர், வீட்டுக்காரர். தொழில்நுட்ப வல்லுநர், ஸ்பீக்கர் கடைக்காரர். கடையில் இருக்கும் இரண்டு ஜோடியில் எது விற்றாலும் தனக்குச் சந்தோஷமே என்று அவர் சொன்னதால், நடுநிலையாளர் என்று குறிப்பேட்டில் பதிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழு வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியது. ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவர் தலையும் ஒரே அளவு இடைவெளியில் முக்கோணமாக இருக்க வேண்டுமாம். வீட்டுக்காரர் அவளுடைய தையல் டேப்பை எடுத்து அளந்தார். அலமாரி நகர்ந்தது. நடைவண்டி வெளியே போனது. கட்டில்மேல் மடிக்காமல் மலையாகக் கிடந்த துணியைப் பார்த்துத்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுக்க ஓடினாள்.

"தொடாதீங்கம்மா!" என்று கண்காணிப்பாளர் கை நீட்டித் தடுத்தார். "எதிரொலி மொத்தத்தையும் இது உறிஞ்சுது பாருங்க. எவ்வளவு அருமையான ஏற்பாடு!"

மறு உத்தரவு வரும்வரை மேற்படி துணிகளை மடிக்கலாகாது என்று எழுதப்பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டு வேலைக்கு எழுத்துமூலம் கிடைத்த முதல் பாராட்டு. அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது, பொய் சொல்வானேன்!

முதல் ஜோடியில் வயலின் தொடங்கியது. உள்ளறையில் குழந்தை சிணுங்க, அவள் போய்த் தொட்டிலை ஆட்டினாள். கிரீச்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"கேட்டீங்களா சார்?" என்றார் வீட்டுக்காரர், மூச்சை அடக்கிக்கொண்டு.

"கேட்டேன்யா. வாசிக்கிறவரோட நாற்காலி."

"பின்னங்கால் சார். இடது பக்கம்."

"திருகாணி லூசா இருக்கு. முப்பது வருஷமா இந்தப் பாட்டைக் கேக்குறேன், இந்த நாற்காலியை இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

அவள் அறை வாசலுக்கு வந்து, "அது நம்ம தொட்டில் கொக்கிங்க" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது, நீ போ" என்றார் வீட்டுக்காரர். கண்காணிப்பாளர் தன்மையாகச் சொன்னார்: "பழகாத காதுக்கு அப்படித்தான்மா தோணும்."

கடைக்காரர் மட்டும் ஒயரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது ஜோடியைப் போட்டார்கள். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. தொட்டில் நின்றுவிட்டது. வயலின் மட்டும் கேட்டது.

"நாற்காலி எங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"காணோம் சார்."

"உண்மையை மறைக்குதுய்யா இது. தள்ளுபடி பண்ணு."

மறுபடியும் முதல் ஜோடி. மறுபடியும் சிணுங்கல். இந்தத் தடவை அவள் தொட்டிலைத் தொடவில்லை, அண்ணாந்து பார்த்தாள். கொக்கியைச் சுற்றி நூல்போல ஒரு விரிசல். போன வாரம் அது இல்லை. குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாளியிலிருந்த ஈரத்துணியைப் பிள்ளை எடைக்கு மூட்டை கட்டித் தொட்டிலில் போட்டு ஓர் ஆட்டு ஆட்டினாள்.

ஒரே ஒரு ஆட்டுத்தான். கொக்கி, காரை, மூட்டை எல்லாம் சேர்ந்து தரையில் தொப்பென்று விழுந்தது.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கூடத்திலிருந்து யாராவது ஓடி வருவார்கள் என்று பார்த்தாள்.

கண்காணிப்பாளர் குரல்தான் வந்தது:

"அடேயப்பா! என்ன ஒரு அடித்தொனி!"

"நெஞ்சுல வந்து விழுது சார்!"

"எழுதிக்கய்யா. அடித்தொனி, மிக மிக மனநிறைவளிக்கிறது."

அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்தாற்போல் சிரிப்பு வந்தது. அதற்கும் அடுத்ததாகத்தான் புத்தி வந்தது. வீட்டுக்காரர் பையிலிருந்து அவருடைய அலுவலகப் படிவத்திலேயே ஒன்றை உருவி, அடுப்பு மேடையில் வைத்து எழுதினாள்.

'பொருள்: துல்லியமான ஒலிகேட்புக்கு இடையூறு. மேற்படி வீட்டில் தொட்டில் கொக்கி உறுதியாக இல்லாதபடியால், இனி வரும் காலங்களில் வேண்டாத சத்தம் எழும்பி, பாட்டின் சத்தம் எது, வீட்டின் சத்தம் எது என்ற குழப்பம் விளையும். ஆகவே சமூகம் தயவுகூர்ந்து...'

கூடத்துக்குப் போய்ப் பணிவாக நீட்டினாள். வீட்டுக்காரர் படித்தார். முகம் வெளுத்தது.

"இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் முன்னாடியே சொல்லல?"

"தப்புத்தாங்க" என்றாள் அவள்.

கால் மணி நேரம்தான். எதிர்வீட்டு அக்கா வீட்டிலிருந்து ஏணி வந்தது. ஏணியோடு அக்காவும் வந்தாள். ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டக் கொண்டுவந்த டிரில்லால் கடைக்காரர் கூரையில் வேறு இடம் பார்த்து ஓட்டை போட்டார். கண்காணிப்பாளர், பதவி பார்க்காமல், ஏணியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் டார்ச் அடித்தார். இரண்டு ஆள் தொங்கினாலும் அசையாத போல்ட் ஏறியது.

இறங்கும்போது கடைக்காரர் அவளிடம் மெல்லச் சொன்னார்: "எனக்கு மொதல் கிரீச்சுலயே தெரியும்க்கா. சொன்னா வியாபாரம் கெட்டுடும்னு..."

"சரி தம்பி. இன்னொரு சுத்து நல்லா இறுக்கிட்டுப் போங்க."

கடைசி முறையாக வயலினைப் போட்டார்கள். அவள் தொட்டிலை ஆட்டினாள். சத்தமே இல்லை. குழு திகைத்தது.

"நாற்காலி போயிடுச்சே சார்!"

கண்காணிப்பாளர் கண்ணை மூடி இன்னொரு தடவை கேட்டார். "புது ஸ்பீக்கர் பழகப் பழக இப்படித்தான் தெளியும்யா. இப்பதான் அந்த மனுஷன் ஒழுங்கா உக்காந்து வாசிக்கிறார். இந்த ஜோடியையே எடுத்துக்க."

ஒருமனதாக முடிவானது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தொட்டிலில் குழந்தை, போன மூன்று வாரத்தில் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கியது. மலைபோலக் கிடந்த துணியை, எழுத்துமூலத் தடை இருப்பதால், அவள் மடிக்கவில்லை.

ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பின எதிர்வீட்டு அக்கா, வாசல்படியில் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் காதோரம் குனிந்தாள்.

"ஏம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். எங்க தெருவிளக்கு எரியாம இருக்கறதும் அந்த ஸ்பீக்கருக்கு இடைஞ்சலா இருக்குன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடேன்."